கோல்ட் விங் நம் மலை ரோட்டுக்குச் சரிவருமா? அத்தானுக்குப் பதில் சொல்ல வேண்டும்

அட்டன்காரன்

வணக்கம். குடும்ப விஷயம்தான், ஆனால் பைக் விஷயமும் கூட. அதனால் இங்கே போடுகிறேன்.

அக்காவும் அத்தானும் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். அத்தான் வேலையை விட்டுவிட்டு இலங்கைக்கு, கொட்டகலைப் பக்கம் எங்கள் பழைய வீட்டுக்கே வரப்போகிறார். வருகிறவர் தன்னுடைய ஹொண்டா கோல்ட் விங் டூரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரும் யோசனையில் இருக்கிறார். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளை என்று சுற்றுவாராம். "நம்ம ரோட்டைப் பத்தி நீதான் சொல்லணும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

அவர் அனுப்பிய விபரம் இது. 1833 சிசி, படுக்கை வாட்டில் ஆறு சிலிண்டர். 125 குதிரைவலு, 170 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. கிளட்ச் லீவரே இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் ஏழு கியர் டிசிடி, பின்னோக்கிப் போக ரிவர்ஸ், ஏர்பேக். சுவிட்சில் ஏறி இறங்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, சூடாகும் சீட், சூடாகும் கைப்பிடி, 7 அங்குலத் திரை. பெட்ரோல் டாங்கி 21 லீற்றர். எடை 390 கிலோ!

நான் ஓட்டுவது பல்சர் 150. இரண்டரைப் பல்சரை ஒன்றாகக் கட்டி வைத்த எடை. இதில் எது இங்கே உதவும், எது வெறும் படம் காட்டுவதற்கு? ஆகா ஓகோ என்று எழுதாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அத்தானுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

ஊவாப் பக்கம்

முதலில் அடிப்படை. கோல்ட் விங் அமெரிக்க நெடுஞ்சாலைக்கு என்று பிறந்தது. ஒரே வேகத்தில் ஒரே நேர்கோட்டில் நாள் முழுக்க ஓடுவதுதான் அதன் வேலை. நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள். மற்றப் பாதையில் ஊருக்கு வெளியே மணிக்கு 70தான் எல்லை. ஏழாவது கியரில் மணிக்கு 100 போனாலும் அந்த எஞ்சின் இரண்டாயிரத்துச் சொச்சம் சுழற்சியில் தூங்கிக்கொண்டிருக்கும். அவிசாவளையில் இருந்து கினிகத்தேனை ஏறும்போது ஏழாவது கியருக்கு என்ன வேலை?

தூரத்தையும் பாருங்கள். பருத்தித்துறையில் இருந்து தேவேந்திரமுனை வரை நேர்கோட்டில் இழுத்தால் நாடே 430 கிலோமீற்றர் சொச்சம்தான். அந்த பைக் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் அளவில் ஓடும் என்கிறார்கள். ஒரு டாங்கியில் நாட்டையே ஏறக்குறைய முடித்துவிடலாம். நெடுந்தூரப் பயணத்துக்கு இங்கே தூரம் எங்கே இருக்கிறது?

சிடி200

2022ல் கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டுக்குப் பெட்ரோல் அடித்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அத்தான் அப்போது வந்திருந்தால் டாங்கி நிரம்ப ஐந்து கிழமைக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். 😄

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஹொண்டா சிடி200 ரோட்மாஸ்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போவார். அதுவும் டூரிங்தான்.

கொட்டகலை கராஜ்

ஊவாப் பக்கம் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. தூரத்தைக் கணக்குப் பார்த்து இந்த பைக்கைத் தள்ளிவிட முடியாது. கொழும்பில் இருந்து நுவரெலியா 170 கிலோமீற்றர் வரைதான். ஆனால் வாகனத்தில் ஐந்து மணித்தியாலம் உட்கார வேண்டும். உடம்புக்கு நேரம்தான் கணக்கு, தூரம் இல்லை.

இந்த பைக்கை நான் வேலை செய்து பார்த்தவன் இல்லை. ஆனால் படுக்கை சிலிண்டர் வண்டிகள் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஆறு சிலிண்டரும் இடமும் வலமுமாகப் படுத்திருப்பதால் எடை முழுதும் கீழே கிடக்கிறது. அதனால் 390 கிலோ என்று தாளில் பார்க்கும்போது வரும் பயம், வண்டி உருளத் தொடங்கியதும் பெருமளவு போய்விடும். சீட் உயரமும் 745 மில்லிமீற்றர்தான். நம் ஆட்களுக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும். ஈர ரோட்டில், சரிவில், பின்னால் ஆளோடு நிற்கும்போது 125 குதிரையை விட இந்த 745 பெரிய விஷயம்.

சிக்கல் நிற்கும்போதுதான். கனடாவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இங்கே இடப்பக்கம். ரோட்டின் நடு உயர்ந்து ஓரம் கானைப் பார்த்துச் சரிந்திருக்கும். சைட் ஸ்டாண்ட் எல்லா பைக்கிலும் இடப்பக்கம். அங்கே ரோட்டோரத்தில் நிறுத்தினால் தரைச் சரிவு வலப்பக்கம் போகும், வண்டி ஓரளவு நிமிர்ந்து நிற்கும். இங்கே தரையும் இடப்பக்கம் சரியும், வண்டியும் இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வில் இருந்து 390 கிலோவை நிமிர்த்துவது அறுபது வயது ஆளுக்கு லேசு இல்லை. அதுவும் மழையில் ஓரத்து மண் ஊறியிருந்தால் ஸ்டாண்டே இறங்கிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தகட்டுத் துண்டு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. டிசிடி வண்டியில் சாவியை நிறுத்தினால் கியர் நியூட்ரலுக்குப் போய்விடும். பல்சரை முதல் கியரில் போட்டு மேட்டில் நிறுத்துகிற பழக்கம் இதில் நடக்காது. அதற்கென்று தனியாக ஒரு பார்க்கிங் பிரேக் லீவர் இருக்கிறது. இழுக்க மறந்தால் வண்டி தானாகவே தலவாக்கலைக்குப் போகும்.

ரம்பொடை ரைடர்

எடைதான் பிரச்சினை என்றால் ஏன் கோல்ட் விங்கையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி 279 கிலோ. 136 குதிரைவலு, 25 லீற்றர் டாங்கி, அதுவும் செயினுக்குப் பதில் தண்டு சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் வண்டிதான். 110 கிலோ குறைவு. ஒரு முழுப் பயணியும் அவர் பையும் மிச்சம்! ரம்பொடை முடக்குகளில் அதை வளைக்கிற சுகமே வேறு.

ஹொண்டாதான் வேண்டும் என்றால் என்டி 1100 இருக்கிறது. டிசிடியோடு 248 கிலோ. வயிற்றுக்கும் தரைக்கும் 17 சென்ரிமீற்றர் இடைவெளி. கோல்ட் விங்குக்கு 13தான். நம் ரோட்டுக்கு இந்த நாலு சென்ரிமீற்றர் எவ்வளவு என்று மழைக்காலத்தில் வட்டவளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

சிடி200

ரம்பொடை, அவர் வாங்கப் போகவில்லை, வைத்திருப்பதைக் கொண்டு வரப் போகிறார். கல்யாணமான ஆளுக்கு வேறு பெண் பார்க்கிறீர்களே.

பண்டாரவளை டீச்சர்

பின் சீட்டைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறீர்கள்.

இந்தக் கதையில் அக்கா பின்னால் உட்காரப் போகிறார். மலை ரோட்டில் பின்னால் உட்காருகிறவருக்கு இரண்டே பிரச்சினை. ஏற்றத்தில் பின்னால் வழுக்குவது, இறக்கத்தில் முன்னால் சரிந்து ஓட்டுகிறவர் முதுகில் முட்டுவது. எல்லவில் வாடகைக்கு விடும் பைக்குகளில் போய் இறங்கும் பெண்களைப் பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். கோல்ட் விங் டூரில் பின் பெட்டியோடு சேர்ந்து முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறது. ஏற்றத்துக்கு அது போதும். இறக்கத்துக்கு வண்டி என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. கியர் தானாக மாறும் வண்டி இறக்கத்தில் குலுக்கிக் குலுக்கிப் போனால் சாய்மானம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

சூடாகும் சீட்டை எல்லாரும் கேலி செய்வார்கள். தை, மாசியில் விடியற்காலை கந்தப்பளைப் பக்கம் பைக்கில் போன யாரும் கேலி செய்ய மாட்டார்கள். புல்லில் உறைபனி கிடக்கும் நாட்கள் அவை.

ஸ்கார்பரோ விங்

அட்டன்காரனின் அத்தான் நான்தான். வணக்கம் எல்லாருக்கும். என்னைக் கல்யாணமான ஆள் என்று ஞாபகப்படுத்திய தம்பிக்கு நன்றி, வீட்டிலும் வாசித்துவிட்டார்கள்.

டீச்சரின் கேள்விக்கு முதலில் வருகிறேன். டிசிடி என்றால் ஸ்கூட்டர் மாதிரி பெல்ட் இல்லை. உள்ளே உண்மையான கியர்தான். ஒற்றைப்படைக் கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியருக்கு ஒரு கிளட்ச். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கும். பின்னால் இருக்கிறவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து டொக்கென்று இடிப்பது இந்த வண்டி வந்த பிறகு நின்றுபோனது. இறக்கத்தில் அதை அதன் போக்கில் விடக்கூடாது. இடது கையில் கூட்டல் கழித்தல் பொத்தான் இருக்கிறது. முடக்குக்கு முன்பே கழித்தலை இரண்டு தட்டு தட்டி இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். 1833 சிசி பிடிக்கிற பிடி சாதாரணமில்லை, பிரேக்கைத் தொட வேண்டிய தேவை பாதியாகும்.

பெரிய முடக்கில் கிளட்ச் இல்லாமல் எப்படி மெதுவாகத் திருப்புவது என்று பயப்படுவார்கள். கொஞ்சம் திரொட்டிலைப் பிடித்துக்கொண்டே பின்பிரேக்கை லேசாக மிதித்துப் போக வேண்டும். எஞ்சின் இழுக்க, பிரேக் தடுக்க, வண்டி நூல் பிடித்த மாதிரி போகும். இங்கே காலியான கார் பார்க்கில் எல்லாரும் பழகுவது இதைத்தான்.

பெட்ரோல் பற்றி யாரும் கேட்கவில்லை. இங்கே நான் போடுவது பம்பில் 87 என்று எழுதியிருக்கும் சாதாரணப் பெட்ரோல். வட அமெரிக்கா அந்த ஒக்டேன் எண்ணைக் கணக்கிடும் முறை வேறு. நம் ஊர்க் கணக்கில் அது 91, 92 அளவுக்கு வரும். அதனால் 92ஐயே போடலாம், 95 தேடி அலைய வேண்டியதில்லை. அழுத்த விகிதம் 10.5தான், முறுக்கிப் பிழியும் எஞ்சின் இல்லை. பிஎம்டபிள்யூ ஆர்டிக்கு 12.5, அதற்கு 95 வேண்டும். ரம்பொடைத் தம்பி இதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பிறகு, இது நேர்கோட்டு வண்டி என்ற பேச்சு. 1975ல் முதல் கோல்ட் விங் வந்தபோது காற்றுத்தடுப்போ பெட்டியோ எதுவும் இல்லை. 999 சிசி, நாலு சிலிண்டர், மொட்டை வண்டி. அமெரிக்கக்காரர்கள்தான் அதில் கண்ணாடியும் பெட்டியும் வாங்கி மாட்டினார்கள். அதைப் பார்த்து 1980ல் ஹொண்டாவே மாட்டி விற்றது. 1988ல் ஆறு சிலிண்டரும் ரிவர்ஸும் வந்தன, 2001ல் 1832 சிசி. வண்டி பெருத்துக்கொண்டே போனது. 2018ல்தான் இளைக்க வைத்தார்கள், ஏறக்குறைய 40 கிலோ குறைந்தது. முன்பக்கம் சாதாரணக் குழாய் ஃபோர்க்கை எடுத்துவிட்டு கார்களில் இருப்பது போல இரட்டை விஷ்போன் வைத்தார்கள். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே கீழே போகும், ஹேண்டில் கைக்குள் குதிக்காது. முந்திய மாடலை ஓட்டியவர்கள் புதியதில் ஏறினால் முதலில் சொல்வது இதைத்தான்.

கொட்டகலை கராஜ்

ஐயா, நீங்களே வந்தது நல்லதாகப் போயிற்று. நேரே கேட்கிறேன்.

டயர் என்ன செய்வீர்கள்? பின்னால் 200/55 ஆர்16, முன்னால் 130/70 ஆர்18. இந்த இரண்டு அளவும் அட்டனில் இல்லை, நுவரெலியாவில் இல்லை, கண்டியிலும் தட்டிலிருந்து எடுத்துத் தர மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கல் விளிம்பில் பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டி சரிவராது. டயரில் காற்றழுத்தம் காட்டும் சென்சர் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் கிழிந்ததை அது ஒட்டித் தராது. வரும்போது ஒரு ஜோடி டயரையும் கொண்டு வாருங்கள்.

பிரேக் பட்டை, ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இவற்றை வரவழைக்கலாம். ஷாஃப்ட் வண்டி என்பதால் செயின் செலவு இல்லை. நம் மழைக்கும் சேற்றுக்கும் ஷாஃப்ட் பெரிய வரம். பின் சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஆர்ம் என்பதால் அதைக் கழற்றுவதும் ஓரளவு லேசு. ஆனால் டிசிடியில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதைப் படிக்கும் கருவி என்னிடம் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி வண்டியைத் திறந்து பார்க்கிற ஆளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. எந்த எஞ்சினும் அதே கணக்கில் பலம் இழக்கும். பல்சர் 150 இரண்டு பேரோடு நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். 125ல் ஆறில் ஒன்று போனாலும் நூற்றுச் சொச்சம் மிச்சம். அந்த விஷயத்தில் ஐயாவுக்குக் கவலையே இல்லை.

மலை டிப்போ

நான் பஸ் ஓட்டுகிறவன். அட்டன், நுவரெலியா, வெலிமடை எல்லாம் ஓடியிருக்கிறேன். பைக் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முடக்கில் பைக்காரர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

பஸ் கொண்டை ஊசி முடக்கில் திரும்பும்போது முன் மூக்கு எதிர்ப்பக்கத்தை முழுதாக எடுக்கும், பின் சக்கரம் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும். சின்ன பைக்காரர் என்ன செய்வார்? ஓரத்துக் கான் விளிம்பில் காலை ஊன்றி இரண்டடி பின்னால் தள்ளிக்கொள்வார். அவ்வளவுதான், நாங்கள் போய்விடுவோம். இரண்டரை மீற்றருக்கு மேல் நீளம், முக்கால் மீற்றருக்கு மேல் அகலம், நானூறு கிலோ பக்கம் எடை, பின்னால் ஒரு அம்மா. ஏற்றத்தில் பின்னால் தள்ளச் சொன்னால் என்ன ஆகும்?

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி இடம் விடுவதுதான் மலைப் பாதை வழக்கம். ஆனால் எல்லாரும் கேட்பதில்லை. கொழுந்து லொறி ஃபெக்டரிக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று ஓடும்.

ஐயா இத்தனை வருடம் வலப்பக்கம் ஓடிய கை. இங்கே இடப்பக்கம் திரும்பும் ஏற்ற முடக்குதான் மிக இறுக்கம். உள்வட்டம், செங்குத்து, எதிரே வருவது தெரியாது. அங்கே போய்ப் பழகாதீர்கள், பழகிவிட்டு அங்கே போங்கள். ரதெல்லக் குறுக்குப் பாதைக்கு மட்டும் எப்போதும் வேண்டாம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் அங்கே தடை போட்டது சும்மா இல்லை.

ஸ்கார்பரோ விங்

பஸ் ஓட்டுகிறவர் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பின்னால் தள்ளுகிற வேலைக்குத்தான் அந்த வண்டியில் பதில் இருக்கிறது. டிசிடியில் நடைவேக முறை என்று ஒன்று உண்டு. இடது கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆள் நடப்பதை விட மெதுவாக வண்டி தானாகவே பின்னால் போகும், முன்னாலும் போகும். பொத்தானை விட்டால் நின்றுவிடும். ஏற்றத்தில் நின்று புறப்பட பிரேக்கைச் சில விநாடி பிடித்து வைக்கும் வசதியும் இருக்கிறது. இங்கே என் வீட்டு வாசல் சரிவு. கராஜில் இருந்து நான் வண்டியைக் கையால் தள்ளுவதே இல்லை.

மலை டிப்போ

சரி ஐயா. பொத்தானைத் தேடிப் பிடித்து, முறையை மாற்றி, அழுத்திப் பின்னால் வருவதற்கு எத்தனை விநாடி? நான் அதற்குள் ஹோர்ன் அடித்துவிடுவேன். நானாவது அடித்துவிட்டு நிற்பேன். 🙂

ஊவாப் பக்கம்

பனியைப் பற்றிப் பேசாமல் மலை ரோட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்? பட்டிப்பொலை, அம்பேவளைப் பக்கம் பிற்பகலில் மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் திரைதான். அந்தப் பெரிய கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. வெளிப்பக்கம் துளி, உள்பக்கம் ஆவி. அதன் வழியாகப் பார்த்து ஓட்டவே முடியாது. அப்போது சுவிட்சை அழுத்தி முழுதாகக் கீழே இறக்கிவிட்டு அதன் மேலாகப் பார்க்க வேண்டும். மின்சாரக் கண்ணாடியின் உண்மையான பயன் இங்கே இதுதான், காற்றைத் தடுப்பது இல்லை.

ஹெட்லைட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்த விளக்கு, டிம் வெளிச்சத்தை எந்தப் பக்கம் கொட்டுகிறது என்று இரவில் ஒரு சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் முடக்கில் அவர்தான் நம் பக்கம் வருவார்.

திரையில் கார்பிளே, ஆண்ட்ராய்ட் ஓட்டோ எல்லாம் இருக்கிறது, சரி. ஹெல்மெட்டில் ஹெட்செட் இணைத்தால்தான் கார்பிளே திறக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைவிட, வரைபடம் குறுக்கு வழி என்று காட்டினால் நம்பித் திரும்பாதீர்கள். அது தோட்டத்து ரோடாக இருக்கும். பாதித் தூரம் போன பிறகு கல் பரப்பிய பாதை, அங்கே திருப்பவும் இடம் இருக்காது.

ரம்பொடை ரைடர்

நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். நீங்கள் எல்லாரும் சொல்லும் நல்லதெல்லாம் எடையைச் சமாளிக்கும் வழிகள். ரிவர்ஸ் ஏன்? எடைக்கு. தாழ்ந்த சீட் ஏன்? எடைக்கு. ஸ்டாண்டுக்கு அடியில் தகடு ஏன்? எடைக்கு. எடையே இல்லாவிட்டால் இதெல்லாம் எதற்கு?

பண்டாரவளை டீச்சர்

எடை கொஞ்சம் பின் சீட்டுக்கும் போகிறது தம்பி. 121 லீற்றர் பெட்டி, சாய்மானம், அகலமான சீட், இதெல்லாம் காற்றில் செய்ய முடியாது. தனியாகப் போகிறவருக்கு உங்கள் கணக்கு சரி. இரண்டு பேர், ஒரு வாரம், கார்த்திகை மழை என்றால் நான் அந்தப் பெரிய வண்டியில்தான் ஏறுவேன். ஆனால் கொண்டை ஊசி முடக்குக்கு முன்னால் இறங்கி நடந்துவிடுவேன், வேண்டுமானால் என்னைச் சிரியுங்கள்.

அக்காவிடம் யாராவது கேட்டீர்களா?

ஸ்கார்பரோ விங்

கேட்டேன். "முடக்கில இறங்கி நடக்கிறதுன்னா நான் ரயில்லயே வந்துர்றேன், நானுஓயாவுல வந்து ஏத்திக்குங்க" என்கிறார்.

அட்டன்காரன்

அக்கா சொன்னால் சொன்னதுதான்.

இவ்வளவு நேரமும் ரோட்டைப் பற்றியே பேசினோம். எனக்கு இப்போது வேறொன்று உறைக்கிறது. மெயின் ரோட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் கொங்கிரீட் சரிவு. அத்தான் போனபோது மண் பாதை, அதற்குப் பிறகு போட்டது. மேலே முற்றத்தில் போய் முறியும் இடம் ஒரு கூரான விளிம்பு. பல்சரே சில நேரம் சைலன்சர் அடியில் தட்டும். அந்த 13 சென்ரிமீற்றர் அங்கே ஏறுமா?

கொட்டகலை கராஜ்

இதுதான் உருப்படியான கேள்வி. கணக்குப் போடலாம்.

இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1695 மில்லிமீற்றர், நடுவில் வயிறு 130 உயரத்தில். விளிம்பு சரியாக நடுவில் வரும்போது வயிறு தட்டாமல் இருக்க வேண்டுமென்றால், சரிவுக்கும் முற்றத்துக்கும் இடையிலான முறிவு ஏறக்குறைய 17 பாகைக்குள் இருக்க வேண்டும். மேசன் கணக்கில் சொன்னால் பத்தடி நீளத்துக்கு மூன்றடி ஏற்றம். அதுவும் ஆள் ஏறாத வண்டிக்கு. இரண்டு பேரும் பெட்டி நிறையச் சாமானும் ஏறினால் ஸ்பிரிங் இறங்கும், 130 நூறாகும். சஸ்பென்சனை மின்சாரத்தில் இறுக்கிக்கொள்ளலாம், ஆனால் முழுதும் திரும்பி வராது. பத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. நீங்கள் போய் நீர்மட்டக் குழாய் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

அட்டன்காரன்

அளந்தேன். பத்தடிக்கு இரண்டே முக்கால் அடி. அக்காவும் சாமானும் சேர்ந்தால் கட்டாயம் தட்டும்.

சிடி200

அக்கா ரயிலில் வந்தால் தட்டாது.

கொட்டகலை கராஜ்

முழுச் சரிவையும் உடைக்கத் தேவையில்லை. மேல் விளிம்பில் இருந்து இரண்டு பக்கமும் ஆறடி ஆறடி உடைத்து, அந்தக் கூர் விளிம்பை எடுத்துவிட்டு வளைவாகப் போட்டால் போதும். புதிதாகப் போடும் கொங்கிரீட்டை வழுவழுப்பாக மெழுகி முடிக்க விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல ஆழத்தில், சரிவுக்குக் குறுக்காக, நாலு விரல் இடைவெளியில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பாசி பிடித்த கொங்கிரீட்டில் 200 அகல டயர் என்றாலும் வழுக்கும்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2020ல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025ல்தான் திரும்பத் திறந்தார்கள். பாவித்த வண்டிக்கு வயது, வரி என்று நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும். முகவர் வாயால் சொல்வதை நம்பி வண்டியை ஏற்றிவிட்டு துறைமுகத்தில் வாடகை கட்டாதீர்கள்.

ஸ்கார்பரோ விங்

கடிதம் எழுதிவிட்டேன். தம்பி, நீ மேசனைப் பிடி. பதில் எப்படி வந்தாலும் அந்தச் சரிவு திருத்தத்தான் வேண்டும், உன் பல்சருக்கே தட்டுகிறது என்கிறாயே.

ரம்பொடைத் தம்பி, என்டி 1100ன் பின் சீட்டில் யாரையாவது வைத்து அந்தப் பக்கம் ஓட்டியிருந்தால் எழுதுங்கள். தாள் விபரம் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து வந்தவர் சொன்னது வேண்டும்.

ரம்பொடை ரைடர்

கூட்டாளியின் வண்டி ஒன்று கண்டியில் இருக்கிறது ஐயா. அவர் மனைவியிடமே கேட்டு எழுதச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.

அட்டன்காரன்

மேசன் அடுத்த கிழமை வருகிறார். கோடு இழுப்பதற்கு இரண்டாயிரம் கூடக் கேட்கிறார், நியாயமா?

கொட்டகலை கராஜ்

கொடுங்கள். ஆனால் கோடு இழுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.